உழவர் வாசலில் ஒரு தேர்
(ஹென்றி ஃபோர்டின் வாழ்வும் வண்டிகளும்)

தேர் என்பது அரசர்க்கும் வள்ளல்களுக்கும் உரிய ஊர்தி என்பதைச் சங்கப் பாடல்களைப் பயின்றோர் நன்கறிவர். முல்லைக்குத் தேரீந்த பாரியை நாம் இன்றளவும் போற்றுகிறோம் என்றால், ஈந்த பொருள் அத்துணை அரியது என்பதும் அதற்கொரு காரணமன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றிய மோட்டார் வண்டியும் தொடக்கத்தில் அவ்வாறே செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் இருந்தது. அதனைச் சேற்றுப் பாதையின் ஓரத்தில் வாழ்ந்த உழவனின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர் ஹென்றி ஃபோர்டு. தாம் படைத்த அந்த ஒரு வண்டியின்மேல் வைத்த பற்றினால், தம் நிறுவனத்தையும் தம் ஒரே மகனையும் நெடுங்காலம் வருத்தியவரும் அவரே. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றி அவர் வாழ்வு விளங்காது.

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டு நகரை அடுத்த டியர்பார்ன் பகுதியில், 1863-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் ஹென்றி பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். நிலத்தை நம்பியே வாழ்ந்த அவர், மகனும் அந்நிலத்தையே ஆள வேண்டும் என விரும்பினார். மகனுக்கோ மண்ணில் மனம் செல்லவில்லை. கைக்கடக்கமான கடிகாரங்களைப் பிரித்து மீண்டும் பூட்டுவதில்தான் அவர் விரல்கள் இன்பம் கண்டன. அண்டை அயலார் பழுதுபட்ட கடிகாரங்களை இச்சிறுவனிடமே கொண்டுவந்து கொடுப்பார்களாம்.

1876-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. அவ்வாண்டின் வசந்தத்தில் தாய் மேரி மறைந்தார். ஹென்றிக்கு அப்போது அகவை பன்னிரண்டு. கடிகாரத்தின் தாய்ச்சுருள் அறுந்தாற்போல வீடு நின்றுபோயிற்று எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டின் கோடையில் தந்தையுடன் குதிரை வண்டியில் சென்றபோது, குதிரை பூட்டாமல் தானே நகர்ந்து வந்த நீராவிப் பொறி ஒன்றைச் சாலையில் கண்டார். வண்டியிலிருந்து குதித்து ஓடி, அதனை ஓட்டி வந்தவரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். தாயை இழந்த சிறுவனின் நெஞ்சில் அந்த இரும்புப் பொறி புகுந்து அமர்ந்துகொண்டது.

பதினாறாம் அகவையில், 1879-இல், டெட்ராய்ட்டு சென்று பட்டறைகளில் தொழில் பயின்றார். சில ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பி, உழவர்களின் களங்களில் நீராவிப் பொறிகளை இயக்கினார். 1888-இல் கிளாரா பிரையன்ட் என்னும் மங்கையை மணந்தார். கணவரின் பொறிப்பித்தைப் பொறுத்துக்கொண்டதோடு நம்பவும் செய்த பெண்மணி அவர். 1891-இல் இருவரும் நிலத்தை விட்டு டெட்ராய்ட்டுக்குக் குடியேறினர். ஃபோர்டு எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். நகரத்தின் விளக்குகள் அணையாமல் காப்பதே அவர் வேலை. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். 1893 நவம்பரில் அவர்களுடைய ஒரே மகன் எட்செல் பிறந்தான்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், ஃபோர்டு தம் முதல் பெட்ரோல் எந்திரத்தைச் சமையலறைத் தொட்டியின்மேல் பொருத்தினார். விருந்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த கிளாராவை அழைத்து, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றச் செய்தார். வீட்டு விளக்கின் மின்சாரத்திலிருந்து பொறி எழுந்தது. புகையும் நெருப்புமாக எந்திரம் ஓடியது. அடுத்த அறையில் ஏழு வாரக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. எட்செலின் வாழ்வு முழுவதும் அடுத்த அறையில் அவர் தந்தையின் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது எனலாம்.

முதல் வண்டி முழுமை பெற மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 1896 ஜூன் 4-ஆம் நாள் விடியற்காலையில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் வேலை முடிந்தது. வெளியே கொண்டுவர முயன்றபோதுதான் கொட்டகையின் கதவு வண்டியைவிடக் குறுகலானது என்பது தெரிந்தது! ஃபோர்டு கோடரியை எடுத்துச் செங்கற்சுவரை இடித்து வழி செய்தார். நான்கு மிதிவண்டிச் சக்கரங்கள், திருப்புவதற்கு ஒரு தண்டு, இரண்டு வேகங்கள்; பின்னோக்கிச் செல்லும் வசதி இல்லை. இதுவே அவருடைய நாற்சக்கர வண்டி. பின்னர் இதனை 200 டாலருக்கு விற்று, அப்பணத்தை அடுத்த வண்டிக்கு முதலாக்கினார்.

தோல்வியில் பிறந்த காடிலாக்

1899-இல் வேலையை விட்டு, பிறர் முதலீட்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒன்றரை ஆண்டுக்குள் அது கலைந்தது. பணம் போட்டவர்கள் விற்பனைக்கு வண்டி கேட்டார்கள். இவரோ இன்னும் திருத்த வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1901 அக்டோபரில், அந்நாளில் புகழ்பெற்ற வண்டி உருவாக்குநரான அலெக்சாண்டர் விண்டனைப் பந்தயத்தில் வென்று மீண்டும் பெயர் ஈட்டினார். அப்பெயரை முன்னிட்டு ஹென்றி ஃபோர்டு கம்பெனி என்னும் இரண்டாவது நிறுவனம் தோன்றியது. அங்கும் பூசல். 1902 மார்ச்சில், 900 டாலரையும் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையையும் பெற்றுக்கொண்டு வெளியேறினார்.

அவர் விட்டுச் சென்ற கம்பெனிக்கு மதிப்பீடு செய்ய வந்தவர் ஹென்றி லேலண்டு என்னும் முதிய பொறிவல்லுநர். மூடுவதற்காக அழைக்கப்பட்ட அவர், மூட வேண்டாம் என்று அறிவுரை கூறினார். அந்த நிறுவனமே பெயர் மாறிக் காடிலாக் ஆயிற்று. பின்னாளில் அமெரிக்கச் செல்வத்தின் சின்னமாக விளங்கிய கார், ஃபோர்டின் தோல்வியிலிருந்து பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. இந்த லேலண்டே பின்னர் லிங்கன் நிறுவனத்தையும் நிறுவினார். அது நலிவுற்றபோது, 1922-இல், எண்பது இலட்சம் டாலருக்கு அதனை விலைக்கு வாங்கியவர் ஃபோர்டு. சில மாதங்களில் லேலண்டு அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. இருபதாண்டுக் கணக்கு ஒன்று அவ்வாறு தீர்ந்தது போலும்.

1903 ஜூன் 16-ஆம் நாள் மூன்றாவது நிறுவனமாக ஃபோர்டு மோட்டார் கம்பெனி பதிவு பெற்றது. நிலக்கரி வணிகர் மால்கம்சன், கணக்கில் கண்டிப்பு மிக்க ஜேம்ஸ் கஸன்ஸ், எந்திரங்களைச் செய்து கொடுத்த டாட்ஜ் உடன்பிறந்தார் முதலியோர் பங்குதாரர்கள். கையில் இருந்த ரொக்கம் 28,000 டாலர். ஒரு வண்டியும் விற்காமலே ஒரு மாதத்திற்குள் அது 223 டாலராகக் கரைந்தது. அந்நிலையில் சிகாகோ நகரத்துப் பல்மருத்துவர் ஒருவர் 850 டாலர் கொடுத்து முதல் காரை வாங்கினார். அவர் சற்றுத் தாமதித்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இருந்திராது.

அந்த முதல் வண்டிக்கு ‘மாடல் ஏ’ என்று பெயர். அதிலிருந்து ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் பி, சி, எஃப், கே, என், ஆர், எஸ் எனப் பல மாதிரிகள் ஐந்தாண்டுகளில் வெளிவந்தன. இடையிலுள்ள எழுத்துகளுக்குரியவை விற்பனைக்கு வரவில்லை. இவற்றுள் நாம் நோக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, ஆறு சிலிண்டர் கொண்ட பெரிய ‘கே’. விலை 2,800 டாலர். மற்றொன்று, 1906-இல் 500 டாலர் என அறிவிக்கப்பட்ட எளிய ‘என்’. விலையுயர்ந்த வண்டியில்தான் ஆதாயம் என்றார் மால்கம்சன். எளியவனுக்கான வண்டியே எதிர்காலம் என்றார் ஃபோர்டு. அவ்வாண்டே மால்கம்சனின் பங்குகளை 1,75,000 டாலருக்கு வாங்கி அவரை அனுப்பிவைத்தார். இனி அவர் சொல்லை மறுப்பார் இல்லை. அதுவே அவர் வலிமை. அதுவே பின்னர்க் கேடும் ஆயிற்று.

மாடல் டி

டெட்ராய்ட்டின் பிகெட் சாலைத் தொழிற்சாலையில், மூன்றாம் மாடியின் மூலையில் ஓர் அறையைத் தடுத்து, உள்ளே ஒரு கரும்பலகையும் தம் தாயின் பழைய நாற்காலியும் போட்டுக்கொண்டு அமர்ந்தார் ஃபோர்டு. ஹங்கேரியிலிருந்து வந்த யோசெப் கலாம்ப் பலகையில் வரைவார், ஃபோர்டு நோக்குவார், அழிப்பர், மீண்டும் வரைவர். ஹெரால்டு வில்ஸ் என்னும் உலோக அறிஞர் துணை நின்றார். இவ்வாறு உருவான ‘மாடல் டி’ 1908 அக்டோபர் 1-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது.

இவ்வண்டியின் சிறப்பைச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். அக்கால அமெரிக்கச் சிற்றூர்ச் சாலைகள், மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் பள்ளம் என்னும் நிலையில் இருந்தன. எனவே வண்டி தரையிலிருந்து உயர்ந்து நின்றது. அச்சுகள் முறுக்கைத் தாங்கி வளைந்து கொடுத்தன. வனேடியம் கலந்த எஃகினால் முதன்மையான உறுப்புகள் செய்யப்பட்டன. இதனால் எடை குறைந்தது, உறுதி மிகுந்தது. நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பில் அமைந்தன. அவற்றின் மூடியைத் தனியே கழற்றலாம் என்பதால், கருமான் பட்டறையில்கூடப் பழுது பார்க்க இயன்றது. ஆற்றல் 20 குதிரைத்திறன்.

ஓட்டும் முறையோ இன்றைய ஓட்டுநரைத் திகைக்க வைக்கும். காலடியில் மூன்று மிதிகள்: இடப்புறத்தது வேகத்தை மாற்ற, நடுவிலுள்ளது பின்னோக்கிச் செல்ல, வலப்புறத்தது பிரேக். எந்திரத்திற்குப் பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும் கையால். முன்புறம் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எந்திரத்தைக் கிளப்ப வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். பெட்ரோல் தொட்டி இருக்கையின் அடியில் இருந்தது. எண்ணெய் தன் எடையாலேயே எந்திரத்திற்கு இறங்கும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது தொட்டி தாழ்ந்து எந்திரம் உயர்ந்துவிடுமாகையால் எண்ணெய் போகாது. உழவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்னோக்கியே மலையேறினார்கள்! வண்டியைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் தனி நூல்களாகவே அச்சாயின. எள்ளியவர்களும் அதனையே வாங்கினார்கள்.

வண்டி போக்குவரவுக்கு மட்டும் பயன்படவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி அதில் ஒரு வார்ப்பட்டையை மாட்டினால், மரம் அறுக்கலாம், நீர் இறைக்கலாம், கதிர் அடிக்கலாம். நகரத்துக்குச் செல்ல ஒரு நாள் முழுவதையும் செலவிட்ட குடும்பம், காலையில் சென்று நண்பகலுக்குள் திரும்பிற்று. தொலைவிலிருந்த மருத்துவர் நள்ளிரவில் வர முடிந்தது. உழவர் வீட்டுப் பெண்டிரின் தனிமை குறைந்தது. ஃபோர்டுக்கு நன்றி கூறி எழுதப்பட்ட கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன.

தேவை பெருகவே, 1910-இல் ஹைலண்டு பார்க் என்னுமிடத்தில் ஆல்பர்ட் கான் வரைந்த பெருந்தொழிற்சாலை எழுந்தது. 1913-இல் அங்கு நிகழ்ந்த மாற்றம் உலகத் தொழில் வரலாற்றையே இரண்டாகப் பிரித்தது. அதுவரை வண்டி ஓரிடத்தில் நிற்கும். ஆட்கள் அதனைச் சுற்றி வந்து வேலை செய்வர். இனி ஆள் நிற்பான்; வண்டி நகர்ந்து அவனிடம் வரும். ஒருவன் ஒரு திருகாணியை இடுவான். அடுத்தவன் அதை முறுக்குவான். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது போய், 1914-இல் 93 நிமிடங்களே போதுமாயின. விலை ஆண்டுதோறும் இறங்கிற்று. 1908-இல் 825 டாலரில் தொடங்கிய வண்டி, 1925-இல் 260 டாலருக்குக் கிடைத்தது. அதே காலத்தில் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தைத் தவிர வேறு நிறமே கிடையாது. பலரும் எண்ணுவதுபோல் தொடக்கம் முதல் அது கறுப்பு வண்டியன்று. முதலில் சிவப்பு, பச்சை, சாம்பல் நிறங்களில்தான் வந்தது.

ஐந்து டாலர்

ஒரே திருகாணியை நாள் முழுவதும் முறுக்குபவன் எத்துணை நாள் தாங்குவான்? ஆட்கள் கூட்டங்கூட்டமாக விலகினர். 14,000 பேர் வேலை செய்யும் ஆலையில் அவ்வெண்ணிக்கையைக் காக்க 1913-இல் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரி 5-ஆம் நாள் ஃபோர்டு நிறுவனம் ஓர் அறிவிப்பைச் செய்தது: நாள் ஊதியம் ஐந்து டாலர், வேலை நேரம் எட்டு மணி. அதற்கு முன் ஊதியம் ஏறத்தாழ இரண்டரை டாலர். மறுநாள் விடியுமுன்னரே ஆலை வாயிலில் ஆயிரக்கணக்கானோர் பனியில் நின்றனர்.

ஆனால் ஐந்து டாலரில் பாதி ஊதியம், பாதி ஆதாயப் பங்கு. அப்பங்கைப் பெறத் தொழிலாளி ஒழுக்கமாக வாழ வேண்டும். அதைச் சோதிக்க நிறுவனத்தின் ஆட்கள் வீடு தேடி வந்தனர்: குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு தூய்மையாக உள்ளதா, மனைவியுடன் வாழ்கிறானா எனக் குறித்துச் சென்றனர். இதனை அறம் என்பதா, அடக்குமுறை என்பதா? குடியை ஒழிக்க முனைந்தது நன்றே. ஆயினும் கூலி கொடுப்பவன் கூடத்துக்குள் வந்து படுக்கையை எண்ணுவது என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

அந்த ஐந்து டாலரை நாடி உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். அன்றைய சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். 1921-இல் ஹைலண்டு பார்க்கில், ஆலைக்கு அண்மையில், அவர்களுக்காக ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பள்ளிவாசலுக்கென்றே எழுப்பப்பட்ட முதற்கட்டடம் அதுவே எனக் கருதுவோர் பலர். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஃபோர்டின் வேலைகள் டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரையில் எழுந்த புதிய பேராலைக்கு மாறியபோது அக்குடும்பங்களும் உடன் பெயர்ந்தன. இன்று டியர்பார்ன் அரபு வழியினர் மிகுந்து வாழும் நகரமாக விளங்குவதற்கு அப்பெயர்ச்சி அடிகோலிற்று.

இங்கு ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் கூறுதல் கடன். 1918-இல் ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ என்னும் இதழை வாங்கிய ஃபோர்டு, 1920 முதல் யூத மக்களை இழிவுபடுத்தும் பொய்யுரைகளை அதில் தொடர்ந்து வெளியிட்டார். அவை நூலாகி, செருமானிய மொழியிலும் பெயர்க்கப்பட்டு, நாசிகளுக்கு உரமாயின. வழக்கு வந்த பின் 1927-இல் மன்னிப்புக் கோரி இதழை மூடினார். எனினும் 1938-இல் ஹிட்லர் அரசு அளித்த விருதை ஏற்றார். ஒரு சமூகத்தைப் பிறப்பால் பழிப்பவன் எவனாயினும், யாரைப் பழித்தாலும், அது பழியே. அவர் புகழ் பாடுவோர் பலர் இப்பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

மாற மறுத்த மனம்

1919-இல் ஃபோர்டு, ஏனைய பங்குகள் அனைத்தையும் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, நிறுவனத்தைத் தம் குடும்பத்தின் முழு உடைமையாக்கினார். தலைவர் பதவி எட்செலுக்கு. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து. பெயர் மகனுக்கு, ஆணை தந்தைக்கு.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் மாடல் டி. ஆயினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. சாலைகள் சீராயின. மக்கள் கையில் பணம் புழங்கிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஆல்பிரட் ஸ்லோன், ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு வண்டி, ஆண்டுதோறும் புதுப்பொலிவு, தவணை முறை எனத் திட்டம் வகுத்தார். செவ்ரலே வண்டி நிறமும் வசதியும் கொண்டு விற்றது. எட்செல் நுண்ணிய கலையுணர்வு உடையவர். டெட்ராய்ட்டுக் கலைக்கூடத்தில் தியேகோ ரிவேரா தீட்டிய பெருஞ்சுவரோவியங்களுக்குப் பொருளுதவி செய்தவரும் அவரே. மாடல் டியின் காலம் முடிந்ததென்பதை அவர் உணர்ந்தார், பணிவுடன் எடுத்துரைத்தார். தந்தை செவிமடுக்கவில்லை.

இம்மனநிலை புதிதன்று. 1912-இல் ஃபோர்டு ஐரோப்பா சென்றிருந்தபோது, வல்லுநர்கள் மாடல் டியைச் சற்றே தாழ்த்தி, அழகுபடுத்தி, செந்நிறம் பூட்டி ஒரு மாதிரி செய்து வைத்திருந்தனர். திரும்பி வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றி நோக்கினார், பின்னர் ஒரு சொல்லும் பேசாமல் கதவைப் பிடுங்கினார், கண்ணாடியை உடைத்தார், கூரையைக் கிழித்தார் என உடனிருந்த ஒருவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1926 ஜனவரியில் எட்செலின் நெருங்கிய உறவினரும் நிறுவனத்தின் உயர் அலுவலருமான எர்னஸ்ட் கான்ஸ்லர், புதிய வண்டி தேவை என்பதை ஆறு பக்க மடலாக மிகுந்த மரியாதையுடன் எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வேலையிழந்தார். எட்செல் அப்போது வெளிநாட்டில் இருந்தார்.

ஒரு தந்தை தான் பெற்ற மகனினும் தான் செய்த பொருளை மிகுதியாக நேசிக்க இயலுமா என்னும் ஐயம் இவ்விடத்தில் எழுகிறது. மாடல் டி ஃபோர்டுக்கு வெறும் வண்டியன்று. தாயின் நாற்காலியில் அமர்ந்து உருவாக்கியது அது; தாம் எண்ணியதே சரி என்று உலகுக்குக் காட்டியது அது. அதனைக் குறை கூறுவது தம்மையே குறை கூறுவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

விற்பனைக் கணக்கு மட்டும் யாருக்கும் அஞ்சவில்லை. 1927 மே 26-ஆம் நாள் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி ஹைலண்டு பார்க்கிலிருந்து வெளிவந்தது. எட்செல் ஓட்ட, ஹென்றி அருகில் அமர்ந்து சென்றார். அத்துடன் அவ்வண்டியின் காலம் முடிந்தது.

மாற்று வண்டி ஆயத்தமாக இல்லை. ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலையின்றி வாடினர். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் வெளிவந்த புதிய வண்டிக்கு, எழுத்துகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, ‘மாடல் ஏ’ எனவே பெயரிட்டனர். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக், சிதறாத முன்கண்ணாடி, 40 குதிரைத்திறன், கண்ணுக்கினிய வடிவம் ஆகியவை அதன் சிறப்புகள். வடிவம் எட்செலின் கைவண்ணம். 1932-இல் வந்த ‘வி-8’ ஹென்றியின் கடைசி வெற்றி. எட்டுச் சிலிண்டர்களை ஒரே வார்ப்பில் அமைத்து எளியோர் விலையில் தர இயலாது என்று பொறியாளர் பலரும் கூறினர். ஏறத்தாழ எழுபது அகவையில் அதனைச் செய்து காட்டி, 460 டாலரிலிருந்து விற்றார்.

லிங்கன் பிரிவு ஒன்றுதான் எட்செலுக்கென விடப்பட்ட முற்றம். அங்கு 1936-ஆம் ஆண்டுக்குரிய ‘செஃபிர்’, பின்னர் ‘காண்டினென்டல்’ என அமெரிக்காவின் அழகிய கார்களுள் சில உருவாயின. ஏனைய துறைகளில் அவர் சொல் எடுபடவில்லை. பிற நிறுவனங்கள் நீர்ம அழுத்தப் பிரேக்குகளுக்கு மாறிய பின்னரும், தந்தை இசைந்து ஃபோர்டு கார்களில் அவை இடம்பெற 1939 வரை காத்திருக்க நேர்ந்தது.

முதுமையில் ஃபோர்டு நம்பியது மகனையன்று. ஹாரி பென்னட் என்னும் முரடரை. ஐந்து டாலர் தந்த ஆலையில் இப்போது ஒற்றர்கள் உலவினர். 1932 மார்ச்சில் வேலை கேட்டு ரூஜ் ஆலை நோக்கி வந்த ஊர்வலத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1937-இல் தொழிற்சங்கத்தார் ஆலை மேம்பாலத்தில் தாக்கப்பட்டனர்; அதுவும் மே 26-ஆம் நாள். 1941-இல் வேலைநிறுத்தம் மூண்டபோது, சங்கத்துடன் உடன்படும்படி எட்செல் வேண்டினார், கிளாரா வற்புறுத்தினார். மகனுக்கு இணங்காதவர் மனைவிக்கு இணங்கிக் கையொப்பமிட்டார்.

அவருடைய உள்ளத்தின் முரண்களை எண்ணுகையில் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1941-இல் அவர் காந்தியடிகளைப் பாராட்டி ஒரு மடல் விடுத்தார். அடிகள் மறுமொழியாகத் தம் கையொப்பமிட்ட இராட்டை ஒன்றை அனுப்பிவைத்தார். உலகின் கைத்தொழிலையெல்லாம் எந்திரத்திடம் ஒப்படைத்தவர் அந்த இராட்டையை விருப்புடன் பெற்று வைத்துக்கொண்டார். தம் வண்டியால் மறைந்துபோன பழைய சிற்றூரையே கிரீன்ஃபீல்டு என்னும் பெயரில் காட்சிக்கூடமாக அமைத்தவரல்லவா அவர்! இந்தியாவில் அவர் நிறுவனம் 1926-லேயே கால்கொண்டது. 1950-களில் விலகி, 1995-இல் மீண்டும் வந்து, மறைமலைநகரில் ஆலை எழுப்பி, 2022-இல் அங்குக் கார் உற்பத்தியை நிறுத்தியதை நம் மாணவர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பர்.

எட்செலின் உடல்நலம் 1942-லேயே சீர்கெட்டது. வயிற்றில் புற்றுநோய். தந்தையின் பண்ணையிலிருந்து வந்த காய்ச்சாத பாலினால் உண்டான ஒருவகைக் காய்ச்சலும் அவரை வருத்தியதாகக் கூறுவர். மகன் நடைமுறை ஒழுக்கங்களை மாற்றிக்கொண்டால் குணமாகும் என்றே ஹென்றி நம்பியிருந்தார். 1943-ஆம் ஆண்டு எட்செல் மறைந்தார், அகவை நாற்பத்தொன்பது. அந்நாள் மே 26. ஒன்றரைக் கோடியாவது மாடல் டியைத் தந்தையை அருகில் அமர்த்தி அவர் ஓட்டிச் சென்ற நாளிலிருந்து சரியாகப் பதினாறு ஆண்டுகள்.

எண்பதை எட்டவிருந்த ஹென்றி மீண்டும் தலைமை ஏற்றார். நினைவு தடுமாறிற்று, நிறுவனமும் தடுமாறிற்று. எட்செலின் துணைவி எலினாரும் கிளாராவும் ஒன்றுபட்டு நின்று வற்புறுத்திய பின்னரே, 1945 செப்டம்பரில் எட்செலின் மூத்த மகன் இரண்டாம் ஹென்றியிடம் பொறுப்பை விட்டார். பேரன் செய்த முதல் வேலை பென்னட்டை வெளியேற்றியது.

1947 ஏப்ரல் 7-ஆம் நாள். ரூஜ் ஆறு பெருக்கெடுத்து, அவர் இல்லமாகிய ஃபேர் லேனின் மின்நிலையத்தில் நீர் புகுந்திருந்தது. வீட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பகலில் அவர் காரில் சென்று வெள்ளத்தைப் பார்த்து வந்தார். இரவு படுத்தவர் தலை வலிக்கிறது என்றார்; கிளாரா தண்ணீர் கொடுத்தார். மருத்துவரை அழைத்துவர ஓட்டுநர் தொலைபேசியைத் தேடிச் சென்றார். டெட்ராய்ட்டு நகரின் விளக்குகளைக் காத்த பொறியாளர், மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த அறையில், மனைவியின் தோளில் சாய்ந்தவாறு, எண்பத்து மூன்றாம் அகவையில் உயிர் நீத்தார்.